கஞ்சியில் குறைத்த உப்பு

கண்ணு,

உனக்கு என் ஸலாம். உன் அம்மா எழுந்து நடமாடுகிறாள், இதோ பக்கத்து அறையில் லுஹர் தொழுதுகொண்டிருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தாவிடமிருந்து கடிதம் என்றாலே நீ பயந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போன காலத்து லீவு லெட்டரைக்கூட அம்மாதான் எழுதுவாள், நான் கையெழுத்து மட்டும் போடுவேன். அப்படிப்பட்டவன் இன்றைக்கு ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைக் கடைசி வரி வரை படித்துவிட்டுப் போன் பண்ணு. நடுவில் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாக உன் அம்மா குடித்த காலைக் கஞ்சியில், அவளுக்குத் தெரியாமல், குளுக்கோசமின் மாத்திரையைப் பிரித்துக் கொட்டிக் கலந்து கொடுத்தேன். கீமோ ஏறிக்கொண்டிருந்த உடம்பு அது. அவளிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. நீ உன் லேபில் தட்டில் வைத்துப் புற்றுநோய் அணு மேல் ஊற்றிப் பார்க்கிறாயே, அதே அமினோ சர்க்கரைதான். நம் களத்தில் காயும் இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற அதே சரக்கு. வருகிற திங்கட்கிழமை அவளுக்குக் கல்லீரல் ஸ்கேன். அதில் என்ன வரப்போகிறதோ என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகப் போவது அதனால்தான். படித்து முடிக்கும்வரை என்னைத் திட்டாதே, முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

போன நோன்புப் பெருநாளைக்கு நீ வந்திருந்தாய். அப்போது அம்மாவுக்கு நோய் இல்லை. அல்லது இருந்தது, நமக்குத் தெரியவில்லை. கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகிற வழியில் இருக்கும் நம் களத்துக்கு என்னோடு பைக்கில் வந்தாய். சின்ன வயதில் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவள் நீ. கூடப் படித்த பிள்ளைகள் ‘எறா நாத்தம்’ என்று மூக்கைப் பிடித்தார்கள் என்று இரண்டு வருஷம் என் பைக்கில் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தவள். அன்றைக்குத் தார்ப்பாயில் காய்ந்த ஓட்டை ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டு, “அத்தா, இதுலருந்து வர்றதத்தான் நான் ஆராய்ச்சி பண்றேன்” என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது வருஷமாக இறால் உரிக்கிற ஷெட் ஷெட்டாகப் போய், உரித்துப் போட்ட இறால் தலையையும் ஓட்டையும் வாங்கி வந்து, கழுவிக் காயவைத்து, மூட்டை கட்டிக் கம்பெனி லாரியில் ஏற்றிவிடுபவன் நான். லாரி போன பிறகு அது என்ன ஆகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

நீ சொன்னாய். “ஆசிட்ல ஊற வெச்சு, கழுவி, கடைசியில வெள்ளப் பொடியா எடுப்பாங்க அத்தா. சக்கரதான், ஆனா சாதா சக்கர இல்ல, அமினோ சக்கர. புற்றணுவுக்குச் சக்கரன்னா உசுரு. மத்த அணுவவிட அதுக்குப் பசி ஜாஸ்தி. இதையும் சக்கரன்னு நெனச்சு உள்ள இழுத்துக்குது. உள்ள போனதும் அதோட வேலையெல்லாம் தடுமாறிப் போயி, செத்துடுது.” போனை எடுத்து ஒரு படம் காட்டினாய். தட்டில் புள்ளி புள்ளியாக ஏதோ சுருங்கிக் கிடந்தது. “இதெல்லாம் செத்த புற்றணு. இப்ப அடுத்த படத்தப் பாருங்க, அதுதான் முக்கியம்” என்று விரலால் தள்ளினாய். சரியாக அந்த நேரம் பார்த்து ஓடு ஏற்றிய வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு களத்துக்குள் வந்தது. “இரு இரு, மிச்சத்த அப்புறம் சொல்லு” என்று நான் ஓடிவிட்டேன். அப்புறம் நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாதி கேட்டுவிட்டு ஓடுவது என் பிறவிக் குணம். உனக்கு நினைவிருக்கும், உன் வயிற்றில் அந்தத் தையல் தழும்பு இருக்கிறதே. ஏழாம் வகுப்பு படித்தாய். காலையில் எழுந்து “வயிறு வலிக்குது அத்தா” என்றாய். லாரிக்காரன் வாசலில் நின்றுகொண்டு கத்திக்கொண்டிருந்தான். “ஓமத் தண்ணி குடி, சரியாப் பூடும்” என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினேன். நீ என் பின்னாலேயே வந்து, வலி வலது பக்கம் இறங்கியிருக்கிறது, குனிய முடியவில்லை என்று சொன்னாயாம். எனக்குக் காதில் விழவில்லை. உன் அம்மாதான் உன்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பறந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உனக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. அன்றைக்கு உன் அம்மா ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கேட்டாள், “ஒரு வார்த்த முழுசாக் காது குடுத்தா உங்களுக்கு இன்னா கொறஞ்சா பூடும்?” திருந்தினேன் என்றா நினைக்கிறாய்? இல்லை.

பெருநாள் போய் இரண்டு மாதத்தில் அம்மாவின் மார்பில் கட்டி. நீ லீவு போட்டு வந்தாய், ஆபரேஷன் ஆனது, மூன்று வாரம் கூட இருந்து பார்த்துக்கொண்டாய், போனாய். கீமோவுக்கு நான்தான் செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போய் வந்தேன். முதல் கீமோ முடிந்து வந்த பிறகு அவள் பட்ட பாட்டை உனக்கு நான் போனில் முழுதாகச் சொல்லவில்லை. தலைமுடி சீப்போடு வந்தது. வாயெல்லாம் புண். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். கஞ்சி ஒன்றுதான் உள்ளே இறங்கியது. அதனால் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டேன். நோன்புக் கஞ்சி மாதிரி, அரிசி நொய், பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம் போட்டுக் கரையக் கரைய வேகவைத்துக் கொடுப்பேன். அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எந்த விளக்கின் சுவிட்ச் எது என்றுகூட எனக்குத் தெரியாது. அப்போதுதான் உன் படம் எனக்கு ஞாபகம் வந்தது. செத்துச் சுருங்கிக் கிடந்த புள்ளிகள்.

உனக்குப் போன் பண்ணினேன். “அந்த மருந்து ரெடி ஆயிடுச்சா?” என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். நீ சிரித்தாய். “இது மருந்தே இல்ல அத்தா, நாங்க தட்டுலதான் பாத்துகினு இருக்கோம். மனுசங்களுக்குப் போறதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஆவும்.” எத்தனையோ வருஷம்! உனக்கு அது வேலைக் கணக்கு. எனக்கு அது என் பெண்டாட்டியின் ஆயுசுக் கணக்கு. மறுநாள் களத்தில் ஓட்டைப் புரட்டிக்கொண்டிருந்த செல்வியிடம், அச்சரப்பாக்கத்திலிருந்து வந்து பத்து வருஷமாக நம்மிடம் வேலை பார்க்கிறாளே அவளிடம், நீ சொன்ன குளுக்கோசமின் என்ற பேரைச் சொல்லிப் புலம்பினேன். “அட, இத்தப் போயி பெருசா சொல்ற அண்ணாத்த” என்றாள். “எங்க மாமியாரு முட்டி வலிக்கு இத்தத்தான் முழுங்கிகினு கீது. மெடிக்கல்ல கேட்டாக் குடுக்கறான். ஒண்ணும் ஆவல, நல்லாத்தான் கீது.” அவள் மேல் குற்றமில்லை. அவள் மாமியாருக்கு முட்டி வலி, கீமோ இல்லை. அன்றைக்கே கேளம்பாக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வாங்கினேன். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், மூட்டு வலிக்கு என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. கண்ணாடி வீட்டில் இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் கூசுகிறது. ஏன் அவளிடம் சொல்லாமல் கலந்தேன் தெரியுமா? உன் அம்மா மதுராந்தகத்துக்காரி, அவர்கள் வீட்டில் ஹனஃபி வழி. மீனைத் தவிரக் கடலில் பிறந்த எதையும் தொட மாட்டார்கள். நாம் ஷாஃபி, இறால் இல்லாமல் நம் பக்கத்தில் விருந்தே கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே அவள் தனக்கென்று ஒரு சட்டி, ஒரு கரண்டி தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தச் சட்டியில் இறால் பட்டதில்லை. எனக்கும் உனக்கும் தொக்கு செய்து தருவாள், உப்பு பார்க்க மாட்டாள், வாசனையை வைத்தே சொல்லிவிடுவாள். என் அம்மா, உன் வாப்பும்மா, ஒருமுறை சீண்டினாள், “எறாக்காரன் வூட்டுச் சோறு மட்டும் எறங்குதா?” என்று. அதற்கு உன் அம்மா, “சோறு அல்லா குடுக்கறது மாமி, நாக்கு என்னுது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்படிப்பட்டவளிடம், இறால் ஓட்டுப் பொடியைச் சாப்பிடு என்று எப்படிச் சொல்வேன்? உயிரே போனாலும் மாட்டேன் என்பாள். உயிர் போகக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. அவளுடைய அதே சட்டியில் கஞ்சி வைத்தேன், அதே சட்டியில் அதைக் கொட்டினேன்.

இரண்டு மாத்திரையில் ஆரம்பித்தேன். பொடி லேசாகக் கரித்தது, அதனால் கஞ்சியில் உப்பைக் குறைத்தேன். நாலு நாள் கழித்து உன் அம்மா, “இப்பல்லாம் உப்பு கரெக்டா போடறீங்களே, எங்க கத்துகினீங்க?” என்று மெச்சினாள். நான் சிரித்து மழுப்பினேன். பத்து நாளில் வாய்ப்புண் ஆறியது. அது அவர்கள் கொடுத்த மருந்தில் ஆறியதோ, தானாக ஆறியதோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். நான் என் மாத்திரையால்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டை நாலாக்கினேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். எனக்கும் தெரியும். ஆனால் பயந்தவனுக்கு அளவு தெரியாது, கண்ணு. இரண்டு போட்டால் கொஞ்சம் சாகும், நாலு போட்டால் நிறைய சாகும் என்று என் புத்தி ஓடியது. எது எது சாகும் என்று யோசிக்கவில்லை.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு அவளுக்கு இடது கால் வீங்கியது, ரத்தம் கட்டியிருக்கிறது என்று ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஆரம்பித்தார்களே, அது உனக்குத் தெரியும். அந்த மாத்திரை சாப்பிடும்போது கீரையைக்கூட ஒரே அளவாகத்தான் சாப்பிட வேண்டும், திடீரென்று கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். நான் பக்தியாகக் கேட்டுக்கொண்டேன். முருங்கைக்கீரையைக் கைப்பிடியால் அளந்து போட்டேன் என்றால் பார்த்துக்கொள். கீரைக்கு இத்தனை பார்த்தவன் மாத்திரை டப்பாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இரண்டு மூன்று முறை ரத்தம் எடுத்துப் பார்த்து அந்த மருந்தின் அளவைச் சரியாக நிறுத்தினார்கள். நாலாவது கீமோவில் அவள் மிகவும் வாடிப்போனாள். எனக்குப் பயம் தலைக்கேறியது. நாலை ஆறாக்கினேன்.

அடுத்த வாரமே பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். பிறகு கையில் நீலம் நீலமாகத் திட்டு. ஒருநாள் மூக்கிலிருந்து வந்த ரத்தம் நிற்கவே இல்லை, துண்டு நனைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். “அளவு சரியா நின்னுச்சே, இப்ப ஏன் ரத்தம் இவ்ளோ நீர்த்துப் போச்சு? மாத்திரைய ரெண்டு தடவ போட்டுட்டாங்களா? இல்ல வேற ஏதாவது சாப்பிடறாங்களா? நாட்டு மருந்து, பொடி, சத்து மாத்திரை?” என்னைப் பார்த்துத்தான் கேட்டார். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான், “அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. டாக்டரம்மா சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். “அப்ப கல்லீரலப் பாக்கணும். அங்க எதுவும் பரவியிருக்கான்னு ஒரு ஸ்கேன் எடுத்துடுவோம்” என்றார். உறையாமலிருக்கும் மாத்திரையையும் அன்றே நிறுத்தச் சொன்னார். உன் அம்மாவின் முகத்தில் அப்போது ரத்தமே இல்லை.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அங்கேயே சொல்லியிருக்கலாம். வராந்தாவில் சொல்லியிருக்கலாம். திரும்பும்போது பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். மூன்று நாள் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் உன் அம்மா தான் சாகப்போகிறோம் என்றே நினைத்தாள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, வேலையில் காட்டினாள். பீரோவைத் திறந்து உன் வளையல்களை எடுத்துத் துடைத்துத் தனிப் பையில் போட்டாள். உப்பு எங்கே, மல்லித்தூள் எங்கே, கேஸ் புக் எங்கே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் மறுநாளும் அடுப்படிக்குப் போனேன். டப்பாவை எடுத்தேன். கொட்டவில்லை. கொட்டாமல் விட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றும் பயம், கொட்டினால் ஆகிவிடுமோ என்றும் பயம். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கஞ்சி அடிப்பிடிக்கும்வரை நின்றேன்.

மூன்றாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். “பொண்ண வரச் சொல்லிடுங்க. அந்த ஜெர்மனி ஆராய்ச்சி வேலைக்கு அப்புறமாப் போவட்டும். மொகத்தப் பாத்துக்கறேன்.” அதோடு விடவில்லை. “நான் மௌத்தானா மதுராந்தகத்துல எங்க அம்மா பக்கத்துல அடக்கம் பண்ணுங்க.” பிறகு அவள் லேசாகச் சிரித்தாள். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள், கண்ணு. “எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. முப்பது வருஷம் எறாக்காரர் வூட்டுல குடும்பம் நடத்தியும் ஒரு துண்டு வாயில படாமப் போறேன். அது போதும் எனக்கு.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து போய் டப்பாவை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் படத்திலிருந்து ஆரம்பித்து, இரண்டு, நாலு, ஆறு என்று எல்லாம். டாக்டரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அவள் அழுவாள், அல்லது டப்பாவை என் மூஞ்சியில் எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டப்பாவை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தாள். “என் சட்டியிலயா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்தாள். புர்காவை மாட்டினாள். “கெளம்புங்க. டாக்டரம்மா போறதுக்குள்ள போவணும்.” ஆட்டோவில் செங்கல்பட்டு வரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து, டப்பாவை மேஜை மேல் வைத்து, “இவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்” என்றாள்.

டாக்டரம்மா கத்தவில்லை. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார், எத்தனை மாத்திரை, எந்த வாரம் என்று என்னை இரண்டு முறை சொல்லவைத்தார். “ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையோட இதையும் சேர்த்தா, ரத்தம் இன்னும் நீர்த்துப் போகலாம். அதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. ரெண்டையும் ஒண்ணா நிறுத்தியாச்சு, இனிமே எது காரணம்னு பிரிக்க முடியாது. அதனால ஸ்கேன் எடுத்தே ஆகணும்.” உனக்கு இது புரியும், எனக்கு அங்கே உட்கார்ந்துதான் புரிந்தது. “என் பொண்ணு லேப்ல புற்றணு செத்துதுங்க டாக்டர்” என்றேன், இன்னும் ஒரு கிளையைப் பிடித்துக்கொள்ளப் பார்ப்பவனைப் போல. “தட்டுல ஊத்தற அளவு, வாயால சாப்பிட்டு ரத்தத்துல வரவே வராதுங்க. அந்த அளவுக்கு வந்தா நல்ல அணுவும் சேர்ந்து அடிபடலாம். உங்க பொண்ணு பக்கத்துலயே நல்ல அணு இருக்கற தட்டும் வெச்சிருப்பாங்களே, அதக் காட்டலியா?” என்று கேட்டார். காட்டத்தான் வந்தாய். வண்டி ஹாரன் அடித்தது. கடைசியாக நான், நான் கொடுத்தது கீமோவைக் கெடுத்திருக்குமா என்று கேட்டேன். “தெரியாதுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கு என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. ஆம் என்றால் அழுதிருப்பேன், இல்லை என்றால் அல்லாவுக்கு ஷுக்ரு செய்திருப்பேன். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கண்ணு, உன் மேல் ஒரு துளி தப்பில்லை. நீ முழுதாகத்தான் சொல்ல வந்தாய். ஆனால் உன் அத்தாவாகக் கேட்கிறேன், இனிமேல் உன் வேலையைப் பற்றி யாரிடமாவது, கல்யாண வீட்டிலோ ரயிலிலோ, சொல்ல நேர்ந்தால் அந்த இரண்டாவது படத்தை முதலில் காட்டு. நல்ல அணு என்ன ஆகிறது என்பதை முதலில் சொல்லு. கேட்பவன் வீட்டில் யாராவது நோயாளி இருக்கலாம். அவன் உன்னிடம் சொல்ல மாட்டான், சும்மா கேட்பது போலக் கேட்பான். பயந்தவன் காதில் முதல் பாதிதான் விழும். அவன் ஓடப் பார்த்தால் கையைப் பிடித்து நிறுத்து. நான் அன்றைக்கு ஓடியபோது நீ என் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கக் கூடாதா என்று ஒருகணம் உன் மேல்கூடக் கோபம் வந்தது. பார்த்தாயா, எவ்வளவு கேவலமானவன் உன் அத்தா. அடுத்த கணமே வெட்கமாகிவிட்டது. ஜெர்மனிக்குப் போவதை நிறுத்தாதே. இது நான் சொல்வதில்லை, அம்மா சொன்னது. அவள் இப்போது வேறு மாதிரி பேசுகிறாள், “ஸ்கேன்ல என்ன வந்தாலும் அவ போவணும்” என்கிறாள்.

ஆனால் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. அந்தச் சட்டியைக் கழுவித் தொழுகைப் பாய் வைக்கும் அலமாரி மேல் கவிழ்த்து வைத்துவிட்டாள். தூக்கி எறியவில்லை. தானே அடுப்படிக்குப் போய், வேறு பாத்திரத்தில் கஞ்சி வைத்துக்கொண்டாள். நான் கதவருகில் நின்றேன், உள்ளே வரச் சொல்லவில்லை. வயதான காலத்தில் பெண்டாட்டிக்கு நம் கை மேல் நம்பிக்கை போவதைவிடப் பயங்கரம் வேறில்லை. ஸ்கேனுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். நேற்று சாயந்திரம்தான் வாயைத் திறந்தாள். “பொண்ணுக்கு எழுதுங்க.” போனில் சொல்கிறேன் என்றேன். “வேணாம். போன்ல பாதி சொல்லிட்டு, பாதி முழுங்கிடுவீங்க. எழுதுனா முழுசா எழுதித்தான் ஆவணும். எழுதிட்டு எங்கிட்டப் படிச்சுக் காட்டுங்க.” இதை அவளுக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் கூரியரில் போடுவேன். அப்படியில்லை என்று அவள் மறுத்த எதுவும் இதில் இருக்காது.

இன்று காலை நான் சுபுஹு தொழுதுவிட்டு வந்தபோது அவளால் எழ முடியவில்லை. கால் இரண்டும் பஞ்சாகிவிட்டது என்றாள். நான் எதுவும் கேட்காமல் அடுப்படிக்குப் போனேன். அலமாரி மேலிருந்த அவள் சட்டியை எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நொய்யைக் கழுவினேன், பருப்பு போட்டேன், பூண்டு போட்டேன். எல்லாவற்றையும் அவள் கண்ணில் படும்படி கதவுக்கு நேராக வைத்துச் செய்தேன். கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். அவள் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். “நீங்க குடிங்க மொதல்ல.” குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது, நிறுத்தாமல் பாதிக் கிண்ணம் குடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தை எடுத்து ஒரு வாய் வைத்தாள். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள், பிறகு முழுங்கினாள். “உப்பு பத்தல” என்றாள்.

மூன்று மாதப் பழக்கத்தில் என் கை உப்பைக் குறைத்தே போட்டிருக்கிறது. கரிக்க வைப்பதற்கு அதில் வேறு எதுவும் இல்லை. உப்பு ஜாடியை எடுத்துப் போய் நீட்டினேன். அவள் என் கையிலிருந்து வாங்கி, மூடியைத் திறந்து, ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டாள்.

உன் அத்தா